சித்தப்பா சொன்ன வெள்ளை டப்பா

“குரல் கேக்குமா, அம்மிணி?”

“கேக்குங்க.”

“எப்பவுமா?”

“மாத்திரையும் ஒறக்கமும் சரியா இருந்தா வாரத்துக்கு ஒருக்கா, மிஞ்சிப்போனா ரெண்டு. ஒறக்கம் கெட்டுதுன்னா தெனமும்.”

“என்னன்னு பேசும்?”

“பெரியவங்க முன்னால சொல்ற மாதிரி இருக்காதுங்க.”

தன்யஸ்ரீக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பொன்னூத்து இட்லிமாவு ஆலையில் ஆள் எடுக்கும் நாற்காலியில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருப்பவள். வேலை கேட்டு வருகிறவர்கள் வயதை மறைப்பதைப் பார்த்திருக்கிறாள், பழைய ஆலையில் சண்டை போட்டதை மறைப்பதைப் பார்த்திருக்கிறாள். ஒருவன் இடது கைக்கு ஆறு விரல் இருந்ததையே மறைத்தான். மனநோய்க்கு மருந்து சாப்பிடுகிறேன், காதில் குரல் கேட்கும் என்று விண்ணப்பத்தின் முதல் வரியிலேயே எழுதிக்கொண்டு வந்தவள் இந்த யாழ்நங்கை ஒருத்திதான்.

“கண்ணு, உனக்கு ஒண்ணு தெரியோணும். இங்க எல்லாருக்குமே காதுல குரல் கேக்கும்.”

“தெரியுங்க. சித்தப்பா.”

கோயம்புத்தூருக்கு மேற்கே இருந்த அத்தனை ஆலைகளிலும் ஆட்களின் காதில் பச்சைப்பயறு அளவில் ஒரு பொத்தான் குடியேறி ஆறு வருஷம் ஆகியிருந்தது. வாசலில் நுழையும்போது மாட்டிக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் மூளையை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாலும் பாதகமில்லை. ‘அரிசியை இறக்குங்க. மூடியைத் திருப்புங்க. போதும், நிறுத்துங்க.’ எல்லாம் அதுவே சொல்லும். கம்பெனிக்காரன் அதற்கு வாய்க்குள் நுழையாத பெயர் ஒன்று வைத்திருந்தான். கல்யாண வீட்டில் யாரும் கேட்காமலேயே வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எல்லோரையும் ஏவுகிற மனிதரின் குரலாக அது இருந்ததால், ஆட்கள் முதல் வாரமே சித்தப்பா என்று மாற்றிவிட்டார்கள். சித்தப்பா வந்த பிறகு டப்பாவில் ஒட்டியிருக்கும் சீட்டை யாரும் படித்ததில்லை. மாவை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தவர்களும் இல்லை.

“உனக்குள்ள பேசறதும் சித்தப்பா பேசறதும் கொழம்பிப் போச்சுன்னா?”

“கொழம்புங்க. அதுக்குத்தான் மூணு கேள்வி வெச்சிருக்கறேன். டாக்டரம்மா சொல்லிக் குடுத்தது. பக்கத்துல இருக்கறவங்களுக்கும் கேட்டுச்சா? கேட்டது கண்ணுக்குத் தெரியறதோட ஒத்துப்போவுதா? பத்து நிமிசம் பொறுத்தா என்ன கெட்டுப்போயிரும்? மூணும் ஆனப்புறந்தானுங்க கையை அசைப்பேன்.”

தன்யஸ்ரீ அன்றைக்கே அவளை எடுத்துவிட்டாள்.

முதலாளி ரித்தீஷுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவர் காலத்தில் பிறந்த பையன்களுக்கெல்லாம் அப்படித்தான் பெயர் வைத்தார்கள். செய்தி கேட்டதும் வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

“ஏனுங் தன்யாம்மா, ஊருல வேற ஆளே இல்லையா? குரல் கேக்கற புள்ளையக் கொண்டாந்து மாவுத் தொட்டிகிட்ட நிறுத்தறீங்க?”

“தயிர் ஆலையில ஆறு வருசம் இருந்த புள்ளைங்க. நம்மகிட்ட இந்த மாசம் மட்டும் பதினாலு பேர் நின்னு போயிருக்காங்க. வந்த புள்ளை உள்ளதைச் சொல்லிட்டு வந்திருக்குது.”

“ஏதாச்சும் ஆச்சுன்னா?”

“ஆச்சுன்னா என்னையும் சேத்து அனுப்பிருங்க.”

கோபத்தில் சொன்ன வார்த்தை. முதலாளி சிரிக்காமல் தலையை ஆட்டிவிட்டுப் போனபோதுதான், அவர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார் என்பது தன்யஸ்ரீக்கு உறைத்தது.

யாழ்நங்கைக்கு ஒன்பதாம் தொட்டி. காலையில் மாத்திரை கண்ணை இழுக்கும் என்பதால் ஏழு மணிக்குப் பதில் ஒன்பது மணிக்கு வரலாம். தலைக்குள் சத்தம் கூடினால் பொத்தானைக் கழற்றி வைத்துவிட்டுப் பின்கட்டு பெஞ்சில் பத்து நிமிடம் உட்காரலாம். மாதத்துக்கு ஒரு நாள் டாக்டரைப் பார்க்க லீவு. அவ்வளவுதான் ஏற்பாடு.

பத்தாம் தொட்டி ஷாலினி ஒரே வாரத்தில் புகார் கொண்டுவந்தாள்.

“அந்தப் புள்ளை என்னைய வேலை செய்ய உட மாட்டீங்குது மேடம். நிமிசத்துக்கு ஒருக்கா, ‘அக்கா, சித்தப்பா உப்புன்னாரா? அக்கா, சித்தப்பா மூடச் சொன்னாரா?’ கட்டுன புருசன்கூட எங்கிட்ட இத்தனை பேசுனதில்லீங்க.”

“வேற எடம் மாத்திரட்டுமா?”

ஷாலினி புடவைத் தலைப்பைச் சரி செய்தாள். “மாத்துங்கன்னு நாஞ்சொன்னனா? ஒரு வார்த்தை உங்க காதுல போட்டு வெக்கறேன்.”

அடுத்து அந்த பெஞ்சு. முதலில் யாழ்நங்கை மட்டும் உட்கார்ந்தாள். பிறகு மகனை ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்த மூன்றாம் தொட்டிக்காரி நடுவேலையில் போய் அழுதுவிட்டு வந்தாள். பிறகு மாவு மூட்டை இறக்குகிற கோகுல், அழுவதற்கு ஒன்றும் இல்லாமல் சும்மாவே உட்கார்ந்தான். முதலாளி மாடியிலிருந்து பார்த்துவிட்டு, “எல்லாரும் அங்க குந்திக்கிட்டா மாவை எங்க தாத்தனா வந்து பாப்பான்?” என்று இரைந்தார். மூன்று மாதம் கழித்து, வேலையை விட்டு நின்றவர்கள் பட்டியலைக் கேட்டு வாங்கினார். வெறும் தாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“தன்யாம்மா, அந்த பெஞ்சு ஒரு காலு ஆடுதுன்னாங்களே. புதுசா ரெண்டு செஞ்சு போட்டர்லாமா?”

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த வேளையில்தான் ஆலையின் காப்பீட்டுக் கம்பெனி புது விதிமுறை ஒன்றை அனுப்பியது. அதில் ஒன்பதாவது விதி: ‘யாரும் இடாத கட்டளையைக் காதில் கேட்டு, அதன்படி நடந்துவிடக்கூடிய எவரும் உணவுத் தொட்டி அருகே வேலையில் இருக்கலாகாது.’ இருந்தால் காப்பீடு ரத்து. காப்பீடு இல்லாத ஆலையின் மாவை ரயிலும் வாங்காது, ஹாஸ்டலும் வாங்காது, சந்திரனில் பாறை தோண்டுகிறவர்களின் கேன்டீனும் வாங்காது.

“நானே அந்தப் புள்ளைய ஒண்ணுஞ் சொல்லலீங்க தன்யாம்மா. நல்ல புள்ளை. ஆனா சோதிக்க வர்ற காப்பீட்டு ஆளு, அவ போகோணும்னு எழுதிட்டான்னா…” முதலாளி முடிக்கவில்லை. முடித்திருந்தால் தன்யஸ்ரீயின் பெயரும் அதில் வந்திருக்கும்.

வந்த ஆள் அத்விக் என்று ஒரு சின்ன வயது அதிகாரி. பளபளவென்று ஷூ. செவ்வாய்க்கிழமை பதினொரு மணி. பார்வையாளரும் பொத்தான் மாட்ட வேண்டும் என்பது அவர் கம்பெனியின் விதியே ஆனதால் பெருமையாக மாட்டிக்கொண்டார்.

“தனிப்பட்ட முறையில எனக்கு வருத்தம்தான் மேடம். ஆனா யோசிங்க. ஒரு நாள் அந்தப் பொண்ணு காதுல தப்பா ஒரு உத்தரவு கேட்டு, தொட்டியில எதையாவது கொட்டிட்டாங்கன்னா?”

“ஒருக்கா அவ வேலை செய்யறதைப் பாருங்க சார். அப்புறம் எழுதுங்க.”

“பார்த்துட்டா போச்சு.”

இருவரும் தொட்டிக்கூடத்தின் வாசலுக்கு வந்தார்கள். பன்னிரண்டு தொட்டியிலும் மாவு புளித்துத் தயாராக நின்றது. இனி உப்புப் போட்டுக் கலக்கி, குழாய் வழியாகப் பாக்கெட்டுக்கு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. ஒவ்வொரு தொட்டிக்கும் பக்கத்தில் இரண்டு டப்பா. நீல டப்பாவில் உப்பு. வெள்ளை டப்பாவில், சாயங்காலம் தொட்டியைக் கழுவுவதற்கான சோடாக் காரம்.

எல்லோர் காதிலும் சித்தப்பா கனைத்துக்கொண்டார். “பன்னெண்டு தொட்டிக்கும் சொல்றேன். வெள்ளை டப்பா. தொட்டிக்கு நாலு படி. போடுங்க.”

பதினோரு கைகள் வெள்ளை டப்பாவுக்குப் போயின. படி படியாகக் கொட்டின. எந்த முகத்திலும் ஒரு சந்தேகமும் இல்லை. கோவிலில் மணி அடித்தால் கன்னத்தில் போட்டுக்கொள்கிற மாதிரி கை தானாக நடந்தது.

ஒன்பதாம் தொட்டியில் மட்டும் படி அந்தரத்தில் நின்றது.

“அக்கா, சித்தப்பா வெள்ளை டப்பான்னாரா?”

“ஆமாங்கண்ணு, வெள்ளைதான்.” ஷாலினி மூன்றாவது படியைக் கொட்டிக்கொண்டே சொன்னாள்.

“அதுல என்னன்னு எழுதியிருக்குதுங்கக்கா?”

ஷாலினி ஆறு வருஷத்தில் முதல் தடவையாக டப்பாவைத் திருப்பிச் சீட்டைப் படித்தாள். படித்துவிட்டு, நான்காவது படியை அப்படியே கீழே போட்டாள்.

“அய்யய்யோ! நிறுத்துங்கடி!”

புளித்த மாவில் சோடாக் காரம் விழுந்தால் என்ன ஆகும் என்று வீட்டில் அடுப்பு பற்ற வைத்தவர்களுக்குத் தெரியும். முதலில் ஒரு பெருமூச்சு மாதிரி சத்தம். அப்புறம் பதினோரு தொட்டியிலும் மாவு மஞ்சளடித்துக்கொண்டு எழுந்தது. விளிம்பைத் தாண்டியது. கலக்குகிற மேடையில் ஏறி, படிக்கட்டில் இறங்கி, தரையில் கால் நீட்டிப் படுத்தது. கோகுல் ஓடிவந்து இரண்டு கையாலும் ஏழாம் தொட்டியைப் பொத்தப் பார்த்தான். மாவு அவனையும் சேர்த்துக்கொண்டு வழிந்தது.

யாழ்நங்கை ஓடவில்லை. சுவரில், குழாய்களை மூடுகிற சிவப்புப் பிடி ஒன்று இருந்தது. ஆறு வருஷமாக யாரும் இழுக்காததால் அதில் யாரோ சாப்பாட்டுப் பையை மாட்டியிருந்தார்கள். அவள் பையைக் கழற்றினாள், சத்தம் கேட்டு ஓடிவந்த முதலாளியின் கையில் கொடுத்தாள், பிடியை இழுத்தாள். பாக்கெட்டுக்குப் போகிற குழாய் அடைத்துக்கொண்டது. ஒரு சொட்டுக் கெட்ட மாவும் வெளியே போகவில்லை.

இந்த நேரத்தில் அத்விக்கின் காதில் சித்தப்பா மிகுந்த மரியாதையுடன் சொன்னார்: “பார்வையாளர் அவர்கள் நேராக நடக்கலாம். தரை காய்ந்திருக்கிறது.”

“சார், நில்லுங்க!” என்று தன்யஸ்ரீ கத்தினாள்.

“தரை காஞ்சிருக்குன்னு சொல்றாரே” என்றபடி அவர் நடந்தார். இரண்டு எட்டு நடந்தார். மூன்றாவது எட்டில் ஷூ ஒரு திசைக்கும் அவர் ஒரு திசைக்கும் போனார்கள்.

ஒரு மணி நேரம் கழித்து மாடியறையில், முதலாளியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு அத்விக் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். புருவத்தில் மாவு காய்ந்திருந்தது. சித்தப்பாவைச் செய்த கம்பெனியின் இன்ஜினியர் அம்மாள், பெங்களூரில் உட்கார்ந்தபடியே வெளிச்சத்தால் ஆன உருவமாக அறை நடுவில் நின்றாள். யாழ்நங்கை கதவோரத்தில்.

“பெரிய விஷயம் ஒண்ணுமில்ல சார்” என்றது வெளிச்சம். “ரெண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு சலவை ஆலை இருக்கு. அதுக்கும் எங்க குரல்தான். அங்க இட்ட உத்தரவு, அங்க தரை காஞ்ச சேதி, எல்லாம் இங்க கசிஞ்சிருக்கு. உங்க சிஸ்டம் அதைத் தனக்கு வந்ததா நினைச்சிருச்சு.”

“அதாவது, இங்க யாருமே இடாத உத்தரவு அது காதுல கேட்டிருக்குது” என்றாள் தன்யஸ்ரீ.

“அப்படியும் சொல்லலாம்.”

“கேட்டதை நம்பி நடந்துருக்குது.”

“டெக்னிக்கலா, ஆமா.”

தன்யஸ்ரீ அத்விக் பக்கம் திரும்பினாள். “சார், அந்த ஒன்பதாவது விதியைக் கொஞ்சம் படிங்க.”

அத்விக் தாளை எடுத்தார். அதுவும் பாதி மாவு. “யாரும் இடாத கட்டளையைக் காதில் கேட்டு, அதன்படி நடந்துவிடக்கூடிய எவரும்…” குரல் தானாக மெதுவாகிவிட்டது.

“அப்ப மொதல்ல சித்தப்பாவை வேலைய விட்டு அனுப்போணும். அப்புறம் பதினோரு பேரை அனுப்போணும். ஷாலினி இருபது வருசமா இருக்கறவ, பரவால்ல, விதின்னா விதிதான்.” தன்யஸ்ரீ விரல் விட்டாள். “தரை காஞ்சிருக்குதுன்னு கேட்டு நடந்தாரே ஒருத்தர், அவரும் இனித் தொட்டிகிட்ட வரப்படாது. விதிப்படி அங்க நிக்கறதுக்குத் தகுதியான ஆளு யாரு மிச்சம்? நீங்களே எழுதுங்க.”

முதலாளி கையில் இன்னமும் அந்தச் சாப்பாட்டுப் பை இருந்தது.

அத்விக்தான் முதலில் சிரித்தார். சிரிப்பில் புருவத்து மாவு உதிர்ந்தது. “தலைமை ஆபீஸ்ல கேக்கணும் மேடம். ஆனா இந்த விதியை நான் அவங்களுக்கு நேர்ல படிச்சுக் காட்டுறேன். இதே வேட்டியோட.” பிறகு யாழ்நங்கையிடம் கொஞ்சம் கூச்சத்துடன் கேட்டார். “நீங்க கைய அசைக்கறதுக்கு முன்னால மூணு கேள்வி கேப்பீங்கன்னு மேடம் சொன்னாங்க. அதை எனக்கு எழுதித் தர்றீங்களா?”

வெளிச்ச அம்மாள் தொண்டையைச் செருமினாள். “எப்படியும் இந்த சிஸ்டத்தைக் கழட்டிடுறோம் சார். வேற புதுசு மாட்டித் தர்றோம்.”

“ஏனுங்க?” என்றாள் யாழ்நங்கை. அன்றைக்கு அறையில் அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். “ஒரு நா இல்லாததைக் கேட்டுட்டாருன்னு வேலைய விட்டே அனுப்பிருவீங்களா? மத்த நாளெல்லாம் ஒழுங்காத்தான செஞ்சாரு?”

“அது மெஷின்மா.”

“இருக்கட்டுங்க. புதுசா வர்றவருக்கும் கேக்காதுன்னு என்ன நிச்சயம்? இவருக்குக் கேக்கும்னாச்சும் நமக்குத் தெரியும். பக்கத்துல ஒருத்தரு இருந்து பாத்துக்கிட்டாப் போதுமுங்க.”

முதலாளி தன்யஸ்ரீயைப் பார்த்தார். தன்யஸ்ரீ ஒரு புதுக் கோப்பை எடுத்து, மேலே ‘சித்தப்பா’ என்று எழுதினாள். வேலை நேரம், ஓய்வு, துணைக்கு இருக்க வேண்டியவர் என்று யாழ்நங்கைக்குப் போட்ட ஏற்பாட்டையே வரிக்கு வரி போட்டாள். மறுநாளிலிருந்து தொட்டிக்கூடத்தில் சித்தப்பாவின் பேச்சே மாறிப்போனது. “நீல டப்பான்னு எனக்குத் தோணுது. யாராச்சும் பாத்துச் சொல்றீங்களா?” என்பார். பன்னிரண்டு பேரும் டப்பாவைத் திருப்பிப் பார்த்துவிட்டு, “சரிதானுங் சித்தப்பா” என்பார்கள். வேலை கொஞ்சம் மெதுவாகத்தான் நடந்தது. ஆனால் கெட்டுப்போய்க் கொட்டுகிற மாவு, மாதம் முடிவதற்குள் பாதியாகக் குறைந்துவிடும் போலிருந்தது. ‘மூன்று கேள்வி கேட்கத் தெரிந்த எவரும் தொட்டி அருகே வேலை செய்யலாம்’ என்று ஒன்பதாவது விதியைத் திருத்தி, இரண்டே வாரத்தில் தலைமை ஆபீஸிலிருந்து தபால் வந்தது. கூடவே, துவைத்து மடித்த வேட்டி.

முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வெள்ளிக்கிழமையே பாராட்டு விழா, பொன்னாடை, கூடத்துக்கே மேற்பார்வையாளர் பதவி என்று அடுக்கிக்கொண்டே போனார். வியாழக்கிழமை காலை யாழ்நங்கை தன்யஸ்ரீயின் அறைக்கு வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது.

“பதவி வேண்டாமுங்க மேடம். நாலு நா லீவு வேணும்.”

“என்னாச்சு கண்ணு?”

“ஒண்ணு சொல்லோணும். சொன்னா உங்களுக்குச் சங்கடமாயிருமோன்னு பயமா இருக்குது.” அவள் உட்காரவில்லை. “அன்னைக்குச் சித்தப்பா வெள்ளை டப்பான்னு சொன்னாருல்லீங்க? அப்பவே எனக்குள்ள இருக்கறவனும் பேசிட்டான். ‘தொடாத, விசம்’னு.”

தன்யஸ்ரீயின் கையில் பேனா நின்றது. தபால், வேட்டி, முதலாளியின் பொன்னாடை எல்லாம் கண் முன்னால் ஒரு சுற்றுச் சுற்றின. “அப்ப… அவன் பேச்சைக் கேட்டா நீ நிறுத்துன?”

“அய்யோ, இல்லீங்க! அவன் எதைப் பாத்தாலும் விசம்பான். காப்பியா, விசம். பஸ் டிக்கெட்டா, விசம். எங்க மாமியாளூட்டுல குடுத்தனுப்புன மைசூர்பாக்கா, விசம். அதுல மட்டும் எனக்குமே கொஞ்சம் சந்தேகமுங்க.” சொல்லிவிட்டு அவளே லேசாகச் சிரித்தாள். “அவரு போடுங்கறாரு, இவன் தொடாதங்கறான். ரெண்டு பேரையும் நம்பல. ஷாலினி அக்காளைக் கேட்டேன், அவ்வளவுதான். ஆனா ஒருக்கா சரியாப் போச்சுல்லீங்க, அன்னைல இருந்து அவனைக் கையில புடிக்க முடியல. ‘பாத்தியா, நாந்தான் சொன்னேன், இனி நாஞ்சொல்றதைக் கேளு’ன்னு ஒரே பீத்தல். ஒறங்க உட மாட்டீங்கறான். நேத்து மாத்திரையவே விசம்னுட்டான். கையில வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் குந்தியிருந்தேனுங்க.”

“போட்டியா?” தன்யஸ்ரீ பேனாவை மூடி வைத்தாள்.

“போட்டேன். அந்நேரம் ஊட்டுல கேக்கறதுக்கு ஆளில்லீங்களா, அதனால ஷாலினி அக்காளுக்குப் போன் போட்டேன். அவங்க சீட்டைப் படிச்சுக் காட்டச் சொன்னாங்க. படிச்சேன். ‘மாத்திரைதான் கண்ணு, முழுங்கு’ன்னாங்க. முழுங்கற சத்தம் கேக்கற வரைக்கும் போனை வெக்கல.”

அந்த நேரம் பார்த்து முதலாளி உள்ளே வந்தார், கையில் இரண்டு பொன்னாடை. “யாழு, இதுல எந்தக் கலரு புடிச்சிருக்குதுன்னு…”

“நாளைக்கு விழா இல்லீங்க முதலாளி. நாலு நா லீவுல போறா. டாக்டரைப் பாக்கோணும்.”

“விழாவுக்கு ரயில்வே ஆளுங்கெல்லாம் வர்றாங்களே!”

“ரயில்வே ஆளுங்களுக்குப் பொன்னாடை போத்தி அனுப்புங்க. நமக்கு விழா வேணுமா, இவ வேணுமா?”

முதலாளி பொன்னாடைகளைப் பார்த்தார். யாழ்நங்கையின் கண்ணைப் பார்த்தார். பொன்னாடை இரண்டையும் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். “நாலு நா பத்துமா கண்ணு? பத்தலைன்னா தன்யாம்மாகிட்டச் சொல்லு. உன்ற தொட்டி உனக்குத்தான்.”

லீவுச் சீட்டில் காரணம் என்ற இடத்தில் ‘மனநல சிகிச்சை’ என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போட்டாள் தன்யஸ்ரீ. பிறகு பையை எடுத்து மாட்டிக்கொண்டு தானும் கூடவே கிளம்பினாள். வாசலில் இருவரும் பொத்தான்களைக் கழற்றி வைத்தார்கள். பஸ் நிறுத்தத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது.

“ஒருக்கா சரியாச் சொல்லிட்டாங்கறதுக்காக அவன் சொல்றதையெல்லாம் கேக்க முடியுங்களா மேடம்?” என்றாள் யாழ்நங்கை, பஸ் வருகிற திசையைப் பார்த்தபடி.

“அவங்கிட்டச் சொல்லிரு. இந்த ஆலைக்கு ஆள் எடுக்கறது நானு. அவனை நான் எடுக்கலைன்னு.”

யாழ்நங்கை தலையைச் சாய்த்து ஒரு நிமிடம் கேட்டாள். அப்புறம், பல நாள் கழித்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

“என்னங்கறான்?”

“முதலாளியப் பாக்கோணுங்கறானுங்க.”